மெர்வினின் தராசில் என் மூட்டை

தண்டர் பே மருத்துவமனையில் என் நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து உருவிய ரத்தக்குழாயை இதயத்தில் வைத்து ஒட்டுப்போட்டு மூடியிருந்தார்கள். நான் கண் விழித்துச் சரியாகப் பேசத் தொடங்கியிருந்த நேரத்தில் மெர்வின் கிராஃப் வந்தான். பூ கொண்டுவரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கையில் இருந்த நிலப்படச் சுருளை என் கால்மாட்டில், போர்வைக்கு மேலேயே விரித்தான்.

"லைல், வர்ற ஜூன்ல மூணாவது போர்ட்டேஜை வடக்குப் பக்கமாப் போறோம். தெக்குப் பக்கம் பீவருங்க அணை கட்டி முழுக்கச் சேறாக்கி வச்சிருக்குங்க."

"மெர்வின், எனக்கு இன்னும் மூக்குல குழாய் இருக்கு."

"அதை ஜூனுக்குள்ள எடுத்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த முக்கால் மணி நேரம் காற்றின் திசையைப் பற்றிப் பேசினான். பக்கத்துக் கட்டில்காரர் அன்றைக்கே வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போர்ட்டேஜ் என்பது ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை கனூ படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கொசுவுக்கு ரத்ததானம் செய்தபடி நடக்கும் காட்டுத்தடம். எங்கள் ஏரிக்குப் போக அப்படி ஐந்து தடங்கள். எங்கள் ஏரி என்றுதான் சொல்வேன், பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் வங்கி ரகசிய எண்ணைக்கூட நம்பிச் சொல்வார்கள், மீன் கிடைக்கும் ஏரியைச் சொல்லமாட்டார்கள். கேட்பவர்களிடம் "வாத்து ஏரிக்குப் போறோம்" என்று பொய் சொல்வோம். பெட்ரோல் பங்க்காரர் "ஓ, வாத்து ஏரியா?" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எங்கள் ஏரிக்குப் போகும் தடத்தில் எந்த இடத்தில் மரம் விழுந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்.

நாங்கள் மூன்று பேர். மெர்வின் உயர்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிதான் அவனை விட்டதே தவிர, அவன் பள்ளியை விடவில்லை. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். அவனே அவனுக்குக் கொடுத்துக்கொண்ட பதவி 'பயணத் தலைவர்'. இன்னொருவன் ரெய்னோ லாக்ஸோ. மரலாரி ஓட்டியவன், ஃபின்லாந்து வம்சம். வாயைத் திறந்தால் சூடு வெளியே போய்விடும் என்று நினைப்பவனைப்போல அளந்து பேசுவான். மூன்றாவது நான். வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவன். இப்போது நானே பழுதுபார்க்கப்பட்டவன்.

பயணத் திட்டக் கூட்டங்கள் ஜனவரியில் தொடங்கும். இடம் மெர்வினின் கார் கொட்டகை. வெளியே பனி இடுப்புயரம் கிடக்க, உள்ளே டேபிள் டென்னிஸ் மேசைமேல் ஏரிப்படம் விரிந்திருக்கும். ஏரியின் பெயர் தெரியாதபடி அந்த இடத்தை மட்டும் மெர்வின் மடித்து வைப்பான். நாங்கள் மூவர் மட்டுமே இருக்கும் கொட்டகையில் யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "பழக்கம்" என்றான்.

மெர்வினுக்கு ஊரில் இரண்டு பெருமைகள். ஒன்று, ஹோட்டல் மதுக்கூடத்துச் சுவரில் இருக்கும் மீன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஏரியில் அவன் பிடித்த டிரௌட், முப்பத்துநாலு பவுண்டு. கரையிலேயே அவனுடைய பித்தளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தோம். முள் எங்கே நின்றது என்று நானும்தான் பார்த்தேன். பிறகு மீனைப் பொரித்துத் தின்றுவிட்டோம். சுவரில் இருப்பது அந்த எடைக்குத் தக்கபடி வார்த்துக் கொடுத்த பிளாஸ்டிக் உருவம். அதை மாட்டிய அன்று எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது; நான் தின்ற மீனைவிட அது பெரிதாக இருந்தது. பசியில் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கீழே பித்தளைத் தகடு: மெர்வினின் பெயர், எடை, 'ஊர்ச் சாதனை' என்ற சொல். அந்தக் கோடையில் ரெய்னோவும் ஒரு டிரௌட் பிடித்தான். ஊர் மீன்பிடிப் போட்டித் தராசில் இருபத்தெட்டு. இரண்டாம் இடத்துக்குத் தகடு கிடையாது.

இரண்டாவது பெருமை, சுமைக் குறைப்பு. நூலகத்தில் ஆண்டுதோறும் படம் காட்டிப் பேசுவான். "மனிதனுக்குத் தேவையானது அவன் நினைப்பதைவிடக் குறைவு" என்று தொடங்குவான். பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்துக் காட்டுவான். தேநீர்ப் பொட்டலத்தின் நூலைக் கத்தரிப்பான். தலையணை, நாற்காலி, வார்ப்பிரும்பு வாணலி மூன்றும் பதினோரு வருடங்களாகத் தடை. மூட்டைகளையெல்லாம் கொட்டகை உத்தரத்தில் தொங்கும் அதே பித்தளைத் தராசில் மாட்டுவான். முள் எப்போதும் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழேதான் இறங்கும். "பாத்தீங்களா? கை ஏமாத்தும். தராசு ஏமாத்தாது," என்பான்.

இந்த வருடம் ஏப்ரலில் மாவிலேயே தகராறு வந்தது. ரெய்னோ வாங்கிவந்த ஐந்து கிலோ மாவு, அதாவது பதினோரு பவுண்டு, தராசில் பதினைந்து காட்டியது.

"ஈரம் குடிச்சிருக்கு," என்றான் மெர்வின். "மாத்திட்டு வா."

ரெய்னோ கடைக்காரரோடு பேசினான். ரெய்னோ பேசினான் என்பதே கடையில் இரண்டு நாள் செய்தியாக இருந்தது. புது மூட்டை வந்தது. அதுவும் பதினைந்து.

"மானிடோபால போன வருஷம் மழை ஜாஸ்தி," என்று மெர்வின் முடித்துவைத்தான். மாவில் மூன்றில் ஒரு பங்கை ஏரிக்குக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானமும் போட்டான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். தேவாலயத்தில் என் தோளைத் தொட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். கொட்டகையில் மட்டும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. "உன் தூக்கப்பை கனம்டா, வேற பாரு" என்று மெர்வின் கத்தினான். ஜூனில் நான் உயிரோடு இருப்பேன் என்பதை அவன் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது திட்டத்தில் இல்லாத விஷயம். அந்தக் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் திட்டு வாங்கியபோதுதான் நான் நோயாளி என்பதை மறந்தேன்.

மே மாதம் மருத்துவர் பார்த்தார். துடுப்பை மெல்லப் போடலாம், நடக்கலாம், மீனோடு சண்டையும் போடலாம். ஆனால் இருபது பவுண்டுக்குமேல் முதுகில் ஏற்றக்கூடாது என்றார். என் மனைவி டோரீன் பக்கத்தில் இருந்தாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே கடைசி இருக்கைப் பையன்கள் பபிள்கம்மை விழுங்கிவிடுவார்கள்.

"இருபது," என்றாள் காரில் வரும்போது. "இருபதே கால் இருந்தாலும் நீ வீட்டுல. நான் வந்து நின்னு பாப்பேன்."

"பாரேன்."

"இன்னொருத்தர் தலையில கட்டவும் கூடாது. ரெய்னோ முதுகுல ஆணி வச்சுத் தச்சிருக்கு. மெர்வின் முட்டி ரெண்டும் போயாச்சு, வாய் ஒண்ணுதான் நல்லா இருக்கு. உன்னால அவங்களுக்கு ஏதாவது ஆனா நான் எந்த முகத்தோட அவங்க வீட்டுப் பக்கம் போறது?"

நியாயம்தான். அவள் சொல்லாமல் இருந்தாலும் என் மூட்டையை இன்னொருவன் முதுகில் ஏற்றிவிட்டுப் பின்னால் கைவீசி நடக்க எனக்கு மனம் வராது. ரெய்னோவிடம் கனூ இருக்கும். மெர்வினிடம் சாப்பாட்டுப் பீப்பாயும் கூடாரமும். என் மூட்டை என்னுடையது. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏரிகளில் பனி உடைந்து கரைந்த ஒரு சனிக்கிழமை மதியம், எடை பார்க்கும் நாள். மெர்வின் விசிலை ஊதி அதைத் தொடங்கிவைத்தான். டோரீன் மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, தராசு முள் நேராகத் தெரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நாற்காலி தடை," என்றான் மெர்வின்.

"நான் ஏரிக்கு வரலை தலைவரே. நீங்க ஊதிட்டீங்கல்ல, நடத்துங்க."

என் மூட்டையை மாட்டினான். முள் இறங்கி முப்பத்தைந்தில் ஆடி நின்றது. வீட்டில் கையில் தூக்கிப் பார்த்தபோது அவ்வளவு இருக்கும் என்று தோன்றவில்லை.

"எடுத்துடலாம், எடுத்துடலாம்," என்று மூட்டையைப் பிரித்தேன். முதலில் ரப்பர் பூட்ஸ். பிறகு இரண்டாவது கால்சட்டை. பிறகு வெந்நீர்க் குடுவை. பாதியாகக் கிழித்து எடை குறைத்திருந்த துப்பறியும் நாவல். கொலைகாரன் யார் என்பது வீட்டிலிருந்த மற்ற பாதியில் இருந்தது. அதனால் பெரிய இழப்பில்லை. தூண்டில் பெட்டியிலிருந்து மீனை இழுக்கும் பளபளப்புத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். என் அப்பா கொடுத்த சிவப்புக்கண் தகட்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"பையில போட்டாலும் நீதானே தூக்கணும்," என்றாள் டோரீன்.

அதையும் எடுத்து வைத்தேன்.

மிச்சம் இருந்தது தூக்கப்பை, மழைச்சட்டை, ஒரு மாற்று உடை, கம்பளிச் சட்டை, மருந்துப் பெட்டி, தட்டு, கரண்டி, கொசுவலைத் தொப்பி, தூண்டில் சுருள். முள் இருபத்தாறரையில் நின்றது. கம்பளியை எடுக்கப் போனேன். டோரீன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அதை எடுத்தா குளிர்ல சாவே. மருந்தை எடுத்தா அதுக்கு முன்னாடியே சாவே. வை."

"ஆறரைதான் டோரீன் அதிகம்."

"வை லைல்."

ரெய்னோ அடுப்பருகிலிருந்து நகர்ந்து வந்தான். "நான் தூக்கறேன்," என்றான்.

"நீ வாயை மூடு ரெய்னோ," என்றாள் டோரீன். அவனிடம் அந்த வாக்கியத்தை யாரும் அதற்குமுன் சொன்னதில்லை, தேவைப்பட்டதில்லை. அவன் திடுக்கிட்டுப்போய் மறுபடி அடுப்பருகே போனான்.

நான் சாமான்களை ஒவ்வொன்றாக மடித்து அட்டைப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். "சரி, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. மூணாவது போர்ட்டேஜ்ல வடக்குப் பக்கமாப் போங்க," என்றேன். டோரீன் என் பக்கம் பார்க்காமல் மேசையில் இருந்த நிலப்படத்தைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் சந்தோஷமா என்ன.

மெர்வின் அசையாமல் தராசின் கீழே நின்றிருந்தான். விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. எடுத்தான். கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. பள்ளியில் மாணவர்களை வரிசையில் நிற்கவைத்து 'யார் செய்தது' என்று கேட்கும்போது எதிரே நிற்பவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவன் முகம்.

"டோரீன்," என்றான். "அந்த அலமாரில மாவு இருக்கு. பிரிக்காத மூட்டை. அதை இதுல மாட்டிப் பாருங்க."

"மாவை எதுக்கு?"

"மாட்டுங்களேன்."

மாட்டினாள். பதினைந்து.

"உறையில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் மெர்வின்.

"அஞ்சு கிலோ. பதினோரு பவுண்டு." டோரீன் உறையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், பிறகு மெர்வினைப் பார்த்தாள். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அந்தப் பார்வை. "தலைவரே?"

"மாவு ஈரம் குடிக்கலை," என்றான் மெர்வின். "தராசுதான்... கூடக் காட்டுது. பழைய ஸ்பிரிங் அறுந்துபோச்சு. வீட்டுல கொசுவலைக் கதவு ஸ்பிரிங் ஒண்ணு கிடந்துச்சு. அளவு சரியா உக்காந்துச்சு. அதைப் போட்டேன்."

"எப்ப?" என்றேன் நான்.

"அந்தக் கோடையில."

எந்தக் கோடை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மெர்வின் 'அந்தக் கோடை' என்றால் ஒன்றுதான்.

"அன்னிக்கு எனக்குத் தெரியாது," என்றான் அவசரமாக. "சத்தியமாத் தெரியாது. இலையுதிர்க்காலத்துல உருளைக்கிழங்கு மூட்டை போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள தகடு அடிச்சாச்சு. நான் மேடையில பேசியும் ஆச்சு. இருபது நிமிஷம் பேசினேன்."

"முப்பத்தஞ்சு," என்றாள் டோரீன். "நானும் இருந்தேன்."

"வேற தராசு வாங்கியிருக்கலாம். ஏன் மாத்தினேன்னு கேப்பாங்களேன்னு..."

நான் மனதிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து என்பது பதினொன்று என்றால், முப்பத்துநாலு என்பது இருபத்தைந்து. நான் தின்ற மீன் நான் தின்ற அளவில்தான் இருந்திருக்கிறது. ரெய்னோவின் இருபத்தெட்டு, போட்டித் தராசின் இருபத்தெட்டு. எல்லாரும் மெல்ல ரெய்னோவின் பக்கம் திரும்பினோம்.

ரெய்னோ யோசித்தான். பதினோரு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த பிளாஸ்டிக் மீனுக்குக் கீழே உட்கார்ந்து பீர் குடித்தவன். தாடையைத் தடவிக்கொண்டான்.

"அப்ப மாவு நல்ல மாவுதான்," என்றான். "கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

முதலில் சிரித்தது டோரீன். பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. தையல் போட்ட நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு நான் சிரித்தேன். அதன் நடுவே எனக்கு இன்னொன்று உறைத்தது.

"டேய் மெர்வின்! பதினோரு வருஷமா பூட்ஸைத் தலைக்கு வச்சுப் படுத்தேன்டா!"

"எனக்கும் தலையணை கிடையாதுல்ல," என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு. "தெரிஞ்சேதான் நானும் படுத்தேன்."

நூலகப் பேச்சு, அறுத்த பல்துலக்கி, நூல் கத்தரித்த தேநீர், மனிதனுக்குத் தேவையானது அவன் நினைப்பதைவிடக் குறைவு என்ற அந்தத் தத்துவம் எல்லாமே ஒரு கொசுவலைக் கதவின் ஸ்பிரிங்கில் தொங்கியிருக்கிறது. அதை இந்த ஊரில் வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எல்லாருக்கும் மெர்வினிடம் அவ்வளவு மரியாதை, அல்லது அவன் பேச்சை ஆரம்பித்துவிடுவானோ என்ற பயம். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். நான் வீட்டில் இருந்திருப்பேன், தகடு சுவரில் இருந்திருக்கும். தன்னிடம் இருந்த ஒரே கிரீடத்தைத் தலையிலிருந்து கழற்றி, என் மூட்டையிலிருந்து ஏழு பவுண்டைக் குறைக்க அதை விற்றுவிட்டான். இதை அவனிடம் சொன்னால் அதையே தலைப்பாக வைத்து நூலகத்தில் பேசுவான் என்பதால் நான் சொல்லவில்லை. "தேங்க்ஸ்டா" என்றேன். "சட்டு புட்டுன்னு கட்டு, நேரமாச்சு," என்று விசிலை ஊதினான்.

டோரீன் யாருடைய வார்த்தையையும் நம்பவில்லை. மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்கே போனாள். காய்கறித் தராசில் பத்தொன்பதரை வந்தது. அரை பவுண்டு மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, அப்பாவின் சிவப்புக்கண் தகட்டை அவளே என் சட்டைப்பையில் போட்டாள். ரெய்னோ கூடவே போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அந்தச் செய்தி கடையில் மூன்று நாள் ஓடியது.

தகடு விஷயத்தில்தான் சிக்கல். சாதனை இனிமேல் ரெய்னோவுடையது என்று மெர்வின் ஹோட்டலில் திருப்புளியோடு போய் நின்றான். ரெய்னோ திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டான்.

"வேணாம்."

"ஏன்டா? உன் மீன்தான் பெருசு!"

"மேடையில பேசணும்ல?"

எவ்வளவு சொல்லியும் அவன் அசையவில்லை. கடைசியில் ஒரு சமரசம். தகட்டில் ரெய்னோவின் பெயர் ஏறும்; பேச்சை மெர்வின் பேசுவான். பேசினான். தன் பொய்யைப் பற்றி ஐம்பது நிமிடம், மனிதன் தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்வதைப் பற்றி இருபது நிமிடம். உண்மையை ஒப்புக்கொண்டவர்களில் தன்னைவிட நன்றாக ஒப்புக்கொண்டவர் இந்த மாவட்டத்தில் இல்லை என்பதுபோல முடித்தான். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைப் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. நான் முதல் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். கைதட்டியது நான்தான் அதிகம். இனி அவன் எத்தனை பேச்சுப் பேசினாலும் கேட்பதென்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். முதல் தவணையே இவ்வளவு நீளம் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். மெர்வினின் மூட்டையும் தராசு காட்டியதைவிட இலேசு என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால், தடை நீக்கி வார்ப்பிரும்பு வாணலியை அவனே தன் முதுகில் கட்டிக்கொண்டான். வேறு யாரையும் தொடவிடவில்லை. முதல் போர்ட்டேஜில் ரெய்னோ கனூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போனான். அவன் பின்னால் மெர்வின். ஒவ்வொரு அடிக்கும் வாணலி சாப்பாட்டுப் பீப்பாயில் இடித்து டங், டங் என்றது. சுற்று வட்டாரத்தில் ஒரு கரடிகூட மிச்சமிருந்திருக்காது. வடக்குப் பக்கத்தின் நன்மைகளைப் பற்றி அவன் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே போனான். என் மூட்டை முதுகில் இருப்பதே தெரியவில்லை. தேவதாரு இடைவெளியில் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. முன்னால் போன வாணலியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நான் மெல்ல நடந்தேன்.